அக்காவுக்குக் கை வலிக்கும்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

டிரையல் ரூமிலிருந்து வரும் சட்டைகளின் கழுத்து மட்டும் உள்பக்கம் வெளியே திரும்பிக் கிடக்கிறது. அதைத்தான் முதலில் கவனித்தேன். மடிக்கும்போது ஒவ்வொன்றையும் நேராக்க வேண்டியிருந்தது. ஏன் என்று நேற்றுதான் தெரிந்தது. ஒரு அம்மா திரைக்கு வெளியே வந்து நின்று, கழுத்து லேபிளைப் போனில் படம் எடுத்தார். "எனக்கு எம் சைஸ் சரியா இருக்குடி. இதே மாதிரி போன்ல நிறைய இருக்கு, எம் ஆர்டர் போட்டுரு" என்று மகளிடம் சொன்னார். என்னைப் பார்த்துச் சிரித்தார். சட்டையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நாள் முழுக்க இப்படித்தான். போட்டுப் பார்க்கத்தான் கூட்டம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இது துணிக்கடையா, கண்ணாடி பாக்குற இடமா? படம் எடுத்தா வாயைத் திறந்து தடு. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா டிரையல் ரூமைப் பூட்டிட்டு உன்னையும் அனுப்பிருவேன்" என்றார்.

தலையாட்டினேன். எனக்கு வருவது அதுதான். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது ஒட்டிக்கொண்ட நாக்கு இன்னும் பிரியவில்லை. படிப்பை விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், பார்!

அம்மா சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். போனில் உன் குரல் கேட்டால் எனக்கு அழுகைதான் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பூச்சி

மார்ச் 10

என் வாயில்லாப் பூச்சிக்கு,

உன் கடையில் படம் எடுத்துப் போகிறவர்கள் எங்கே போகிறார்கள் தெரியுமா? சுற்றிச் சுற்றி என் மேசைக்குத்தான் வருகிறார்கள். இந்த ஆன்லைன் கம்பெனிக் கிடங்கில் என்னைப் போட்டிருப்பது 'திரும்பி வந்தவை' பிரிவில். பொட்டலத்தைப் பிரித்து, காரணச் சீட்டைப் படித்து, கறை இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மடிக்க வேண்டும். எந்தச் சீட்டைப் பார்த்தாலும் 'அளவு சரியில்லை'. ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எல்! நேற்று ஒருத்தி, 'என்னைப் பார்த்தால் தலையணை மாதிரியா இருக்கிறது? உறையை அனுப்பியிருக்கிறீர்கள்' என்று எழுதியிருந்தாள். சிரித்துக்கொண்டே மடித்தேன். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே.

பக்கத்து மேசை காலி. மேற்பார்வையாளரிடம் உனக்காகச் சொல்லிவைத்திருக்கிறேன். விடுதியில் என் அறையின் கீழ்க்கட்டிலில் என் பெட்டியைப் போட்டு இடம் பிடித்திருக்கிறேன். இங்கே யாரிடமும் பேச வேண்டாம். துணி எந்தக் கேள்வியும் கேட்காது. ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்துவிடு. தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கும் பேச்சு மறந்துவிடும் போலிருக்கிறது.

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மணிக்கட்டு என் மனதைவிட்டுப் போகவே இல்லை. படம் எடுப்பவர்களைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் வேறொன்று செய்தேன். போட்டுப் பார்த்த சட்டை பொருந்தியிருந்தால், டேப்பால் அளந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினேன். 'தோள் பதினாலரை அங்குலம். மார்பு முப்பத்தெட்டு. எம், எல் என்று எழுத்தைப் பார்க்க வேண்டாம், இந்த அளவைப் பார்த்து வாங்கவும். திருப்பி அனுப்பினால் என் அக்காவுக்குக் கை வலிக்கும்.'

பத்து நாளைக்குத் தாக்குப்பிடித்தேன் என்று எழுதத்தான் ஆசை. நாலாம் நாளே ஒரு சீட்டு முதலாளி கையில் சிக்கிவிட்டது. இரண்டு தடவை படித்தார். "நம்ம கடைக்குள்ள நின்னுக்கிட்டு அடுத்தவன் கடைக்கு அளவு எடுத்துக் குடுக்குறியா? நல்லா இருக்கும்மா நியாயம்!" என்றார். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்.

கீழ்க்கட்டிலை விட்டுவிடாதே. மாதம் முடிந்ததும் நான் வருகிறேன்.

உன் பூச்சி

மார்ச் 22

அடி அசடே,

திரும்பி வருவது குறைந்தால் எனக்கு இங்கே என்னடி வேலை? கைக்கு மருந்து போடுகிறேன் என்று வயிற்றில் அடிக்கிறாயே!

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வரிசைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒருத்தி தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "நமக்கும் கை இருக்குன்னு ஒருத்தி எழுதிட்டாளே" என்றாள். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

படுக்கை விரிப்பைத் துவைத்துவிட்டேன். எந்த வண்டியில் வருகிறாய் என்று எழுது. நிலையத்தில் நிற்பேன்.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

திங்கள்கிழமை ஒருவர் பிரிக்காத பொட்டலத்தோடு வந்தார். "சீட்டு எழுதிக் குடுத்த பொண்ணு நீதானே? இதை இங்கயே பிரிச்சுப் போட்டுப் பாக்கட்டுமா? உங்க அக்கா கை எப்படி இருக்கு?" என்றார். முதலாளி பக்கத்தில்தான் நின்றார். டிரையல் ரூம் திரையை விலக்கிக் காட்டினேன். வந்தவருக்குச் சட்டை பொருந்தியது. அதற்குச் சேரும் பேன்ட்டை நம் கடையிலேயே எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் பொட்டலத்தோடு மூன்று பேர் வந்தார்கள்.

நேற்று முதலாளி டிரையல் ரூம் வாசலில் ஒரு மேசையும் கத்தரிக்கோலும் போட்டார். "எவன் கடைல வாங்கினதா இருந்தாலும் இங்க பிரிச்சுப் பாக்கட்டும். ஜனங்க மாறிட்டாங்க, நான் மட்டும் முறுக்கிக்கிட்டு நின்னு என்ன பண்ண? ஆனா ஒண்ணு, சீட்டு மட்டும் பத்தாது. நீ பேசணும். முடியுமா, முடியாதா?" என்றார்.

நான் தலையாட்டவில்லை, அக்கா. "பழகிக்கிறேன் சார்" என்றேன். குரல் தேய்ந்துதான் வந்தது. ஆனாலும் அவருக்குக் கேட்டது.

நான் வரவில்லை. அங்கே வந்தால் பேசாமலேயே இருந்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. நீ விரிப்பைத் துவைத்து வைத்தது தெரிந்தும்தான் இதை எழுதுகிறேன். கீழ்க்கட்டிலிலிருந்து பெட்டியை எடுத்துவிடு. மணிக்கட்டைத் தடவிய அந்த அக்காவைக் கூப்பிட்டு வைத்துக்கொள். உனக்குக் கூடச் சாப்பிட ஆள் வேண்டும். என்மேல் கோபம் இருந்தால் திட்டியாவது எழுது.

இதைப் பாதி எழுதும்போது திரைக்குப் பின்னாலிருந்து, "யாராவது இருக்கீங்களா? தோள்ல இழுக்குற மாதிரி இருக்கே" என்று குரல் வந்தது. பேனாவை வைத்துவிட்டுப் போனேன். திரைக்கு இந்தப் பக்கம் நின்று, "கையைத் தூக்கிப் பாருங்க" என்று சத்தமாகச் சொன்னேன்.

உன் பூச்சி