அம்மா கேட்ட கறுப்பு

மார்ச் 4

காலையிலிருந்து எல்லாமே கறுப்பு. பால் இல்லாத காப்பி, கறுப்பு அரிசிச் சோறு, கறுப்பு ஜெல்லி. முதலில் ராகுவுக்குப் படையல், மிச்சம் எனக்கு. அடுத்த மாதம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கல். பெட்டிக்குள் கைவிட்டுக் கறுப்புச் சீட்டு எடுத்தால் வீடு, சிவப்பு எடுத்தால் இரண்டு வருஷம் பட்டாளம். இரண்டு வருஷம் க்யூ குச்சியைத் தொடாதவன் அப்புறம் ஸ்நூக்கர் ஆடி என்னத்தைக் கிழிப்பது? அம்மா வீட்டில் தக்காளியைக்கூட ஒழித்துவிட்டாள்.

மார்ச் 9

பயிற்சி நடக்கும்போது அம்மா கிளப்புக்கு வந்துவிட்டாள்.

"ஏன்டா பூம், அத்தனை சிவப்புப் பந்தையும் நீயே தொடுற? அந்தக் கறுப்பைத் தொடேன்."

சிவப்பைக் குழியில் போட்டால்தான் கறுப்பைத் தொட விடுவார்கள் என்று விளக்கினேன். இந்தச் சட்டம் போட்டவன் உருப்படமாட்டான் என்றாள். என்னோடு ஆடும் சிநேகிதன் தன்வா விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும், அவனுக்கும் அதே நாள்தான் குலுக்கல். அவனுக்காகப் படைக்க ஆள் இல்லை, என் தட்டிலிருந்துதான் கறுப்புச் சோற்றைப் பிடுங்கித் தின்கிறான். பதிலுக்கு அவன் க்யூவை ஒரு நிமிஷம் கேட்டேன். தொட்டால் கையை உடைப்பானாம். கருமி.

மார்ச் 20, பாங்காக்

ஆசிய ஜூனியர் போட்டி. எங்கள் இருவருக்கும் வயது முடிகிறது, இதுதான் கடைசி. தன்வா முதல் சுற்றிலேயே அவுட். பாங்காக் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆடும்போது தண்ணீரையா அடித்தான்?

மார்ச் 24

ஃபைனலுக்கு வந்துவிட்டேன். நானேதான்.

மார்ச் 25

போச்சு.

கடைசி ஃபிரேம். மேஜையில் மிச்சம் கறுப்புப் பந்து ஒன்றுதான். போட்டால் கோப்பை. ஈரான்காரன் ஆர்மின் கைகொடுக்க எழுந்தேவிட்டான். முன்வரிசையில் தன்வா உள்ளங்கையைக் கீழே அழுத்தி அழுத்திக் காட்டினான் — மெல்ல, மெல்ல. நான் என்றைக்கு மெல்ல அடித்தேன்? கறுப்பு விழுந்தது. நான் அடித்த வெள்ளைப் பந்தும் அதன் பின்னாலேயே ஓடிப்போய் விழுந்தது. ஃபவுல், ஏழு புள்ளி அவனுக்கு. கோப்பை ஆர்மினுக்கு.

வேனில் அம்மா கேட்டாள், கறுப்புதான் விழுந்துச்சே, அப்புறம் ஏன்டா தோத்த என்று. அழுதேன். ஆமாம், அழுதேன், அதனால் என்ன?

அப்போதுதான் ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று அடுத்த குண்டைப் போட்டாள். குலுக்கலில் கறுப்பு வந்தால் எனக்கு மொட்டையடித்துக் கொஞ்ச நாள் பிக்குவாக அனுப்புவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாளாம்.

"புருவமுமா?"

"புருவத்தை வச்சுக்கிட்டு என்னடா பிக்கு?"

ஏப்ரல் 6

குலுக்கல் நாள்.

தன்வா எனக்கு முன்னால். சீட்டை எடுத்தான். சிவப்பு. திரும்பி என்னைப் பார்த்து, "மெல்லத்தான்டா எடுத்தேன்" என்றான்.

அடுத்து நான். கறுப்பு. சந்தோஷப்படத் தெரியவில்லை, சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அம்மா ஓடிவந்தாள். வந்தவள் என்னைத் தாண்டிப் போய் முதலில் அவனைக் கட்டிக்கொண்டாள்.

நல்லவேளை. அவனிடம் நான் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஏப்ரல் 27

மொட்டை. புருவமும் போயாச்சு, கண்ணாடியில் அவித்த முட்டை தெரிகிறது. சவரம் முடியும்வரை "அசையாதடா எருமை" என்ற அம்மா, காவி உடுத்தி வந்ததும் தரையில் விழுந்து கும்பிட்டாள். விகாரையின் தலைமைப் பிக்கு என்னை அருகே அழைத்தார். ஏதோ உபதேசம் என்று பணிவாகக் குனிந்தேன்.

"அந்தக் கறுப்பை ஏன் மெல்ல அடிக்கல?"

இங்கேயும் போனில் பார்த்திருக்கிறார்கள்.

மே 1

பட்டாளத்துக்குப் போகிற வழியில் தன்வா வந்தான். அவனும் மொட்டை. என் முன்னால் முட்டிபோட்டு மூன்று முறை விழுந்து கும்பிட்டான், ஜென்மத்தில் முதல் மரியாதை. பிறகு க்யூ பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தித் தானம் கொடுப்பதுபோல நீட்டினான்.

"எனக்குக் குச்சி இல்ல, உங்களுக்குப் புருவம் இல்ல. எது முதல்ல திரும்பி வருதுன்னு பார்ப்போம், சாமி."

சிரிக்கக் கூடாத இடம். சிரித்தோம். லாரி ஹாரன் அடித்தது, போய்விட்டான்.

காவியோடு ஆடக் கூடாது, திறந்து பார்க்கலாம் அல்லவா? திறந்தேன். க்யூ நுனியில் புது டிப், பந்தில் படுகிற தோல் வில்லை. நேற்றுதான் ஒட்டியிருப்பான் போல, ஓரத்தில் பசைகூட இன்னும் இருக்கிறது. தான் இரண்டு வருஷம் தொட முடியாத க்யூவுக்கு எதற்கடா புது டிப்?

மடையன்.