அம்மாவின் பக்கத்து இடம்

சந்தாபுரா
அக்டோபர் 19

அன்பு மகள் லீனாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நான் சுகம், மாத்திரை தவறுவதில்லை, படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது. ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் கல்லறைத் திருநாளுக்குச் சுத்தம் செய்கிறோம் என்று கமிட்டி ஹெர்பர்ட் அங்கிள் கல்லறைத் தோட்டம் முழுக்க மருந்தடித்து, காட்டுப்புல்லையெல்லாம் கருக்கிவிட்டு மெக்சிகன் புல் விரித்தாரே, வீடியோவைப் பார்த்ததும் நீ சண்டைக்கு வந்தாய். பல வகைச் செடிகள் கலந்து நின்றால்தான் ஒவ்வொரு வேரும் ஒவ்வோர் ஆழத்தில் மண்ணுக்குள் கார்பனைச் சேர்க்கும், கொழிஞ்சி மாதிரிச் செடிகள் நைட்ரஜனைப் பிடித்து வைக்கும், ஒரே புல்லாக்கினால் அந்தச் சேமிப்பு கரைந்து மண் செத்துப்போகும் என்றாய். அதை நான் போய்ச் சொன்னதற்கு, உன் பெண் புல்லுக்கெல்லாம் பயப்படுகிறாளே என்று அவர் சிரித்தார்.

இந்த மழையில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மேட்டுப்பக்கம் விரித்த புல் வேர் பிடிக்காமல் போய் மண் வெளுத்துவிட்டது, காய்ந்தால் சிமெண்ட், நனைந்தால் சேறு. தண்ணீர் உள்ளே இறங்காமல் மண்ணை வாரிக்கொண்டு ஓடுகிறது. உன் அம்மாவின் சிலுவை சாய்ந்துவிட்டது, நிமிர்த்திக் கல் முட்டுக் கொடுத்தேன், அடுத்த மழையில் மறுபடி சாய்ந்தது. முன்பெல்லாம் மெழுகுவர்த்தியை மண்ணில் லேசாக அழுத்தினாலே நிற்கும், நேற்று விரல் நகமளவுகூட இறங்காமல் உடைந்தது. எனக்கு என்னவோ மனசு சரியில்லை.

அவளுக்குக் கீழ்ப்பக்கம் எனக்கென்று விட்ட இடத்தில் மட்டும் நான் அன்றைக்கு மருந்தடிக்க விடவில்லை. அங்கே தும்பை, கோரை, கொழிஞ்சி, அறுகு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கின்றன, கிளறினால் மண் கறுப்பாகப் பொலபொலவென்று வருகிறது. அம்மாவின் கல்லறை இன்னும் சரியாமல் இருப்பது அந்த ஒரு துண்டால்தான். ஹெர்பர்ட் அங்கிளுக்கும் இப்போது பயம் வந்துவிட்டது. நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "குணா, உன் எடத்துல மட்டும் யாரையும் கைய வெக்க விடாதப்பா" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது, அந்த இடத்தைத் தோண்டப்போவதே எனக்காகத்தானே.

கிறிஸ்துமஸுக்கு வருவதைத் தள்ளிப்போடாதே அம்மா. அந்தத் துண்டிலிருந்து விதை எடுத்து நாம் மேடு முழுக்கத் தூவிவிட வேண்டும், வேர் பிடிக்க நாளாகும் என்று நீதானே சொல்வாய். அதுவரை நான் ஜாக்கிரதையாகவே இருக்கிறேன், படியில் மெதுவாகத்தான் ஏறுகிறேன்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்ணின் மணிபோலக் காக்கட்டும். டிக்கெட் போட்டதும் சொல்.

உன் அப்பா,
குணசேகர்