பன்னிரண்டு மணி நேர கேட்

செங்கல்பட்டு
14-6-1998

மகா கனம் பொருந்திய மருமகனுக்கு,

கேட் கீப்பருக்கு எவ்வளவு வேலை என்று அளக்க, ஸ்டாப்வாட்ச்சோடு மூன்று நாள் என் ரயில்வே கேட்டில் உட்கார்ந்தாயே, அந்த ரிப்போர்ட் வந்துவிட்டது. 'தூங்கிக்கொண்டே செய்யலாம் என்று அவரே ஒப்புக்கொண்டார்' என்று எழுதியிருக்கிறாய். எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் இதுவரை ஓவர்டைம் உண்டு. இனி பன்னிரண்டு மணி நேரமும் அதே சம்பளம்தான். பல்லாண்டு வாழ்க!

மூன்று நாளும் உன் அத்தை வஞ்சிரம் வறுத்து அனுப்பினாள். நீ தின்றதில் சதுரங்கப்பட்டினம் கடலே காலி. வாயெல்லாம் எண்ணெயோடு, "இன்னா மாமா, வேலை கஷ்டமா கீதா?" என்றாய். அக்கா மகனிடம் எந்த மாமனடா கஷ்டம் என்பான்?

"தூங்கிகினே ஒத்தக் கால்ல மூடுவேன் நைனா, ஒம்போது ரயிலை ஒண்ணா அனுப்புவேன்" என்றேன்.

அது மாமன் அடித்த பீலா. சர்க்கார் காகிதத்திலா ஏற்றுவாய்?

மூடிய கேட்டில் நின்ற லாரிக்காரன் என்னைத் திட்டியதில் பனைமரம் கருகியதே, அதை ஏன் எழுதவில்லை? அப்போது துரை மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

உன் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. மதுரைக்கு பாஸ் இருக்கிறது, டிக்கெட் செலவில்லை. லீவும் கேட்டால் கிடைக்கும். கேட்கமாட்டேன்.

சீர்த்தட்டோடு உன் அத்தை மட்டும் வருவாள். தாய்மாமன் எங்கே என்று பெண் வீட்டார் அவளைக் கேட்பார்கள். அவளைப் பொய் சொல்ல விடாதே. மணமேடையிலிருந்து நீயே பதில் சொல்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்