மண்டபத்தில் நீங்கள் கேட்ட கேள்வி

என் அருமை அப்பா,

நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. மெல்பேர்ன் கிளேட்டன் வீட்டில் உங்கள் அறையை இன்னும் நான் ஒதுக்கவில்லை. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் அந்தக் கதவைத் திறக்க முடியவில்லை.

போன சனிக்கிழமை மாலதி அக்கா வந்தார். உங்கள் மாணவர் ரவீந்திரன் அண்ணாவின் தங்கை. உங்கள் மரண அறிவித்தலைப் பார்த்துவிட்டு சிட்னி பிளாக்டவுனிலிருந்து வந்திருந்தார். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"உங்கட அப்பாதான் அண்ணாவைக் காட்டிக்குடுத்தவர் எண்டு ஊரில கதைச்சவை. நீங்கள் அண்டைக்கு அங்க நிண்டனீங்கள் தானே? என்ன நடந்தது?"

நின்றேன், அப்பா. எனக்குப் பத்து வயது.

அப்போது நீங்கள் எங்கள் பள்ளிக்கூடத்தின் அதிபர். உங்கள் கதிரைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரரின் படம் தொங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு பள்ளியைத் திருத்தியெடுத்த தலைமை ஆசிரியர். மாணவன் சொன்னால் நம்புவாராம். அதனாலேயே அவரிடம் பொய் சொல்லக் கூசுவார்களாம். மூத்த மாணவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தாராம். ஐம்பது வயதுகூடக் காணாமல் செத்துப்போனாராம். அவர்கூடப் பிரம்பை முழுதாக விடவில்லை, நீங்கள் விட்டீர்கள். உங்கள் பள்ளியில் பிள்ளைகள் பிழையைத் தாங்களாகவே வந்து ஒப்புக்கொண்டார்கள். ரவீந்திரன் அண்ணா அவர்களுக்கு மாணவத் தலைவன்.

ஒரு நாள் காலை பள்ளி மதிலில் யாரோ ஆயுதக்காரரை எதிர்த்து ஒரு வசனம் எழுதியிருந்தார்கள். துவக்குகளோடு வந்தவர்கள் எல்லோரையும் மண்டபத்தில் நிறுத்தி, எழுதியவனைக் காட்டச் சொன்னார்கள். நீங்கள் யாரையும் காட்டவில்லை. "எனக்குத் தெரியாது" என்றீர்கள். அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

"என்ர பிள்ளையள் பொய் சொல்லமாட்டினம். நான் கேட்டாச் சொல்லுவினம்" என்றீர்கள். உங்கள் குரலில் பெருமை இருந்தது, அப்பா. எனக்கு அது இன்னும் கேட்கிறது. பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பி, "ஆர் எழுதினது?" என்று கேட்டீர்கள்.

"நான்தான் சேர்" என்றார் ரவீந்திரன் அண்ணா. அவரை அவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

உண்மையில் அவர்தான் எழுதினாரா? இல்லை, தலைவன் என்பதால் மற்றவர்களுக்காக ஏற்றுக்கொண்டாரா? அது உங்களுக்கும் தெரியாமலே போய்விட்டது. மூன்று கிழமை தினமும் அவர்களுடைய முகாம் வாசலில் போய் நின்றீர்கள். அண்ணா திரும்பி வரவில்லை. நீங்கள் படத்தைக் கழற்றினீர்கள், பதவியையும் விட்டீர்கள். இங்கே வந்து பதினெட்டு வருடம் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினீர்கள். ஒரு பிள்ளைக்குக்கூடப் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. என் மகள் கணக்குக் கேட்டு வந்தாலும் "அம்மாட்டக் கேள்" என்றீர்கள்.

அவளை இந்த வருடம் பள்ளியில் மாணவத் தலைவி ஆக்கியிருக்கிறார்கள். அந்தப் படத்து மனிதர் பரப்பிய பழக்கம் மெல்பேர்னிலும் நடக்கிறது. அவள் பேட்ஜைக் காட்டியபோது என்னால் சிரிக்க முடியவில்லை. "இட்ஸ் ஜஸ்ட் எ பேட்ஜ், அம்மா" என்றாள். அவளுக்கு நான் எதை விளங்கப்படுத்துவது?

மாலதி அக்கா பதிலுக்குக் காத்திருந்தார். உங்களைக் காப்பாற்றத்தான் நினைத்தேன்.

"எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை அக்கா. நான் அப்ப சின்னப்பிள்ளை."

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டார். "அம்மா சாகும்வரைக்கும் இதைத்தான் கேட்டவ" என்றார். "சரி, போட்டு வாறன்" என்று எழுந்து போய்விட்டார்.

ரவீந்திரன் அண்ணா உங்களுக்கு உண்மை சொன்னதால் போனார். நான் பொய் சொல்லி உங்களைக் காட்டிக்கொடுத்தவராகவே விட்டுவிட்டேன். இரண்டில் எது பெரிய பாவம்? எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு வழி தெரியவில்லை. உண்மை மாலதி அக்காவின் அண்ணாவைத் திருப்பித் தராது. உங்களையும் முழுதாக விடுவிக்காது.

ஆனாலும் வருகிற வெள்ளிக்கிழமை பிளாக்டவுனுக்குப் போகிறேன். நீங்கள் பெயர் சொல்லவில்லை என்பதைச் சொல்வேன். நீங்கள் கேட்டதையும் சொல்வேன். அந்தப் பெருமையையும் மறைக்க மாட்டேன். அதன்பிறகு அவர் உங்களைத் திட்டினால், நான் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பேன், அப்பா. இது சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
வாணி