அந்தோணியார் பட்டன்

காக்ஸ் டவுன், பெங்களூரு
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகன் ஆண்ட்ரூவுக்கு மம்மி எழுதுவது. டப்ளின் மழையில் நனையாமல், வேளைக்கு ஏதாவது சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு, ஆண்டவர் கிருபையில் நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உன் டாடி பரம சுகம். நானும் சுகம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், பேனா கொஞ்சம் தயங்குகிறது, அதனால் முக்கால்வாசி சுகம் என்று வைத்துக்கொள். மிச்சத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். என் கண்ணில் ஓரப் பார்வை கொஞ்சம் போய்விட்டது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இது குடும்பத்தில் இறங்கி வருகிற நோயாம், ஆகையால் உனக்கும் இதில் ஒரு வேலை உண்டு. பயப்படாதே, உடனே ஃப்ளைட் டிக்கெட் பார்க்காதே, முழுவதும் படி. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் போனில் நீ சரி மம்மி சரி மம்மி என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பாய், எனக்குக் கேட்கும். தமிழில் எழுதினால் நீ எழுத்துக் கூட்டித்தான் படித்தாக வேண்டும், ஒரு வரியும் தாண்ட முடியாது. டாடி இதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவார், அவர் கட்டைவிரலும் சேர்ந்து வந்தால் பொறுத்துக்கொள்.

எல்லாம் நீ ஈஸ்டருக்கு வந்தபோது டிவியில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பேய் மாளிகை விளையாட்டில் ஆரம்பித்தது. ரிடையர் ஆன மனுஷர் அடுப்படியில் வந்து நின்று சாம்பாருக்கு யோசனை சொல்கிறார், அவருக்கு ஏதாவது வேலை கொடு என்று நான்தான் உன்னிடம் கேட்டேன். நீ ஏர்போர்ட் போய்ச் சேருவதற்குள் அவர் சோபாவில் வாயைத் திறந்து தூங்கிவிட்டார், மவுஸ் என் கைக்கு வந்துவிட்டது. மூடுபனி, காக்கை, தானாகத் திறக்கிற கதவு, எங்கேயோ யாரோ விடுகிற பெருமூச்சு, நிலைக்கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் நிற்கிற ஒரு சின்னப் பெண். அந்தப் பிள்ளையை மீட்க வேண்டுமென்றால் அறை அறையாகப் போய்க் குப்பைக்குள் ஒளிந்திருக்கிற சாமான்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அத்தனை பெரிய மாளிகையில் ஒரு நாள்கூட யாரும் துடைப்பம் எடுத்ததில்லை போலிருக்கிறது, வயலின் மேல் நண்டு, நண்டின் மேல் கடிகாரம், தொட்டிலுக்குள் கோடாலி. நம் கீழ்வீட்டு கேரலின் பரணை அப்படியே வரைந்துவிட்டார்கள் என்று எனக்குச் சந்தேகம். எனக்கு இந்த விளையாட்டு பிடித்ததில் ஆச்சரியம் என்ன, இந்த வீட்டில் உன் சாக்ஸ், டாடியின் கண்ணாடி, ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றையும் அடுப்படியில் நின்ற இடத்திலிருந்தே, கட்டிலுக்கு அடியில் ஜன்னல் பக்கமாகப் பார் என்று குரல் கொடுத்துக் கண்டுபிடித்துத் தந்தவள் நான். எனக்கிருந்த ஒரே கர்வம் அதுதான், அழகைப் பற்றிக்கூட அவ்வளவு கிடையாது.

இருட்டு விளையாட்டு ஆகையால் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, பள்ளியிலிருந்து வந்ததும் திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவேன். ஒரு சாயங்காலம் தோட்டத்துக் கதவை உடைக்கக் கோடாலி தேவைப்பட்டது. டிவியில் ஓநாய் ஊளையிடுகிறது, நான், "கோடாலி எங்கே, கோடாலியை எடுங்க, இன்னிக்கு உடைக்காம விடமாட்டேன்" என்று கத்திக்கொண்டிருக்கிறேன், கேரல் கீழேயிருந்து நைட்டியோடு ஓடிவந்து, "பிரிஜெட், வேணாம், கேளு, ஹெர்பர்ட் நல்ல மனுஷன், ஏதோ வாய் தவறிப் பேசியிருப்பாரு" என்று கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தது உன் டாடி. அவரை முழுசாகப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து அவளும் தினம் ஒரு தட்டு மசால் வடையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள், வடையோடு தெருவின் செய்திகளும் வரும், அதையெல்லாம் எழுதினால் உனக்கு ஒரு வாரம் எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கும்.

அந்த விளையாட்டில் ஒன்றும் கிடைக்காவிட்டால் மூலையில் ஒரு லாந்தர் இருக்கிறது, அதை அமுக்கினால் ஒளிந்திருக்கிற சாமானைச் சுற்றி மினுமினுவென்று ஒரு வளையம் சுழலும். காணாமல் போனதைக் காட்டிக் கொடுப்பது நம் கோடி அற்புதர் அந்தோணியார் வேலைதானே, அதனால் நான் அதற்கு அந்தோணியார் பட்டன் என்று பெயர் வைத்தேன். சிலுவை போட்டுக்கொள்ளாமல் அமுக்க மாட்டேன். "அவருக்கு வேற சோலியே இல்லையா பிரிஜி, உனக்கு நண்டு தேடிக் குடுக்கணுமா" என்று டாடி கேட்பார். கேட்டுவிட்டு, சும்மா இருந்த நேரத்தில் அவரே ரகசியமாக அமுக்கிப் பார்த்ததை கேரல் பார்த்திருக்கிறாள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கோயிலில் அவருடைய நவநாள் ஜெபம் முடிந்து வந்து உட்கார்ந்தோம். கண்ணாடிக்குள் இருக்கிற பிள்ளையின் ஒரு செருப்பு வேண்டும், எங்கே பார்த்தும் கிடைக்கவில்லை. சிலுவை போட்டு அமுக்கினேன். ஒன்றும் மினுங்கவில்லை. மறுபடி அமுக்கினேன், அந்தோணியார் வேலை செய்யலை, ஆண்ட்ரூவுக்கு போன் போடுங்க என்றேன். "அதோ கீழே, லெஃப்ட்ல, கிறிஸ்மஸ் ஸ்டார் மாதிரி சுத்துதே" என்று கேரல் சொன்னாள். டாடியும் அதையே சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைக் கலாய்க்கிறார்கள் என்று எனக்கு வந்ததே கோபம், ஆளுக்கு ஒரு பாட்டம் திட்டினேன். டாடி சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, என் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கையைத் தள்ளி வைத்து, "இது எத்தினி விரல்" என்று கேட்டார். எந்தக் கை என்று நான் கேட்டேன். கேரல் கையில் இருந்த வடையைத் தட்டில் திரும்ப வைத்தாள், அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் யோசித்தால் எல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது. கேட்டின் இடது தூணை ஸ்கூட்டரால் உரசிவிட்டு, தூண் நகர்ந்து வந்துவிட்டது என்று சாதித்தேன். சாப்பாட்டு மேசையில் என் இடது பக்கம் வைத்த டம்ளர் ஒன்றும் பிழைத்ததில்லை. இதற்கெல்லாம் மேலே என் நாலாம் வகுப்புப் பிள்ளைகள். இந்த வருஷம் இடது பக்க பெஞ்சுக்கு அப்படி ஒரு கிராக்கி, எல்லோரும் அங்கேதான் உட்கார வேண்டும் என்று அடித்துக்கொள்கிறார்கள், ஜன்னல் காற்றுக்காக என்று நினைத்திருந்தேன். பாடம் நடக்கிற நேரத்தில் அங்கே ஒரு முழு டிபன் பாக்ஸ் காலியாகிறதாம். ரித்விக் என்று ஒரு வாலு இருக்கிறான், அவனை மிரட்டிக் கேட்டேன், "அங்க உக்காந்தா உங்களுக்குத் தெரியாது மிஸ்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். எனக்கே தெரியாத என் கண் விஷயம் நாலாம் வகுப்புக்கே தெரிந்திருக்கிறது, ஒருத்தரும் வந்து சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், அவ்வளவு நல்ல பெஞ்சு.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷோபா என்று ஒரு பெண், நல்ல மாதிரி, கன்னடம் கலந்து அழகாகத் தமிழ் பேசுகிறாள். ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி மெஷினில் தாடையை வைத்து உட்கார வைத்தார்கள், அங்கங்கே புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும், பார்த்தால் கையில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். எனக்கு உடனே அந்த மாளிகை ஞாபகம்தான் வந்தது, இருட்டு, ஒளிந்திருக்கிற சாமான், கையில் பட்டன். பரீட்சை என்று ஒன்று வைத்துவிட்டால் டீச்சர் ஃபெயில் ஆக முடியுமா? தெரிந்ததற்கும் அமுக்கினேன், தெரியாததற்கும் ஒரு குத்துமதிப்பாக அமுக்கினேன். முடித்துவிட்டு நூற்றுக்கு நூறு என்று கம்பீரமாக வெளியே வந்தேன். டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "ஏன் மேடம், லைட்டே வராதப்ப சும்னே சும்னே அமுக்கியிருக்கீங்க, மெஷின் எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கு" என்றாள். டாடி மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி உட்காரு என்றார்கள், இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தேன். வெகு நேரம் என் விரல் சும்மாவே இருந்தது மகனே. வெளிச்சம் வந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. காட்டிக்கொடுக்கிற பட்டன் அந்த மெஷினில் கிடையாது. க்ளாக்கோமா என்று பெயர், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை அரிக்கிறது, வலியும் இல்லை சிவப்பும் இல்லை. பார்வை போன இடம் கருப்பாகத் தெரியும் என்று நீ நினைப்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். கருப்பெல்லாம் இல்லை. எல்லாம் முழுசாக இருக்கிற மாதிரியே இருக்கிறது, இல்லாதது மட்டும் இல்லை. எனக்குப் பயம் வந்தது அங்கேதான்.

குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டாள், எங்க வம்சத்துலயே கிடையாது என்று அடித்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்து வைட்ஃபீல்டில் இருக்கிற உன் கில்பர்ட் மாமாவுக்கு போன் போட்டு அழுதேன். "எனக்கும் அதான்மா, வருஷக்கணக்கா சொட்டு மருந்து விட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் ஓரமாகப் போய்க் கண்ணில் மருந்து விடுவாரே, வைட்ஃபீல்டு தூசிக்கு என்று சொல்லுவாரே, அதுதான் இது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உன்கிட்ட சொன்னா கோயில் மைக்குல சொன்ன மாதிரி ஆயிடும், அண்ணனுக்குக் கண்ணு போகுதுன்னு ஊரே வந்து நிக்கும்" என்றார். என் வாய் அவ்வளவு பிரசித்தம். எப்படியெல்லாம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் அவர் மெதுவாக, "சொன்னா நெசமாயிடுமேன்னு பயமா இருந்துச்சு பிரிஜெட்" என்றார். அறுபது வயதுப் பெரிய மனுஷர், ஒரு கம்பெனியையே மேய்த்தவர். எனக்குத் திட்டுவதற்கு நாக்கு வரவில்லை. அவர் அன்றைக்கே சொல்லியிருந்தால் நானும் அன்றைக்கே பார்த்திருப்பேன் என்பது அவருக்கும் தெரியும், அதை நான் எடுத்துச் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

இப்போது எனக்கும் சொட்டு மருந்து, ஆயுசுக்கும். டாடிதான் விடுகிறார். முதல் சொட்டு என் காதில் விழுந்தது, இரண்டாவது தலையணையில், இப்போது பரவாயில்லை, கண் இருக்கிற பக்கத்துக்கு வந்துவிட்டார். இந்த மருந்தில் கண்ணிமை முடி நீளமாக வளருமாம், கேரல் தனக்கும் ஒரு பாட்டில் கிடைக்குமா என்று கேட்கிறாள். அழுத்தம் இறங்கியிருக்கிறது, வகுப்பு எடுக்கலாம், படிக்கலாம் எழுதலாம், ஸ்கூட்டர் மட்டும் கூடாது. அது கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன், சாவியை நானே எடுத்து டாடியிடம் கொடுத்துவிட்டு அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை, நான் பேசாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று நீயே யோசி. உன் டாடியைப் பற்றி உனக்குத் தெரியும், கல்யாணமான நாளிலிருந்து தெருவில் எனக்குப் பத்தடி முன்னால்தான் நடப்பார், சேர்ந்து நடந்தால் வரி கட்ட வேண்டும் என்கிற மாதிரி. நேற்று சிவாஜிநகருக்குத் துணி எடுக்கப் போனோம், பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் திரும்பிப் பார்த்தால் என் இடது பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறார். என்னாங்க கால் வலியா என்று கேட்டேன். "ஆமா, வயசாயிடுச்சுல்ல" என்று சொல்லிவிட்டு வேறு எங்கேயோ பார்த்தார்.

இனி உன் வேலை. நீ ஏழு வயதிலிருந்து கண்ணாடி போட்டவன், நாள் முழுக்க ஸ்கிரீனைப் பார்க்கிறவன், என் பிள்ளை, கில்பர்ட் மாமாவின் மருமகன். எனக்கு இந்த நோய் என்று அங்கே கண் டாக்டரிடம் சொல்லி, கண் அழுத்தமும் அந்த வெள்ளைக் கிண்ணப் பரீட்சையும் எடுக்கச் சொல். எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது மம்மி என்று எழுதாதே, எனக்கும் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. பரீட்சையில் தெரியாததற்கு அமுக்காதே, ஃபெயில் ஆனால் இந்த டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டாள். புனித லூசியம்மாள் உன் இரண்டு கண்ணையும் காக்கட்டும், நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள், வேளைக்குத் தூங்கு, டாடி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், கட்டைவிரலையும் பத்திரமாகத் தள்ளி வைத்திருக்கிறாராம்.

ஒன்று மட்டும். உனக்கு ஒரு பழக்கம் உண்டு, எதைச் சொன்னாலும் பார்க்கிறேன் மம்மி, பார்க்கலாம் மம்மி என்பாய். கல்யாணத்துக்கு அப்படிச் சொல்லு, தாடியை எடுப்பதற்கு அப்படிச் சொல்லு, நான் காத்திருப்பேன். இதற்கு மட்டும் அந்த வார்த்தை வேண்டாம். டாக்டர் வாசலில் நின்றுகொண்டு, பாத்துட்டேன் மம்மி என்று ஒரே ஒரு வரி போடு. என்ன சொன்னார்கள் என்பதை அப்புறம் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம்.

அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
உன் மம்மி
பிரிஜெட்