தீ அணைந்த பிறகு

அன்புள்ள மகன் அபீலியோவுக்கு,

அம்மா இடலீனா எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். காட்டுத்தீக்குத் தப்பி வீடு நிற்கிறது. கோழிகளில் பாதி புகையில் செத்துப்போயின.

அப்பாவின் மரணச் செய்தியில் பத்திரிகைக்காரர்கள் போட்டிருந்த 'ரெஸ்கால்டு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நோயெமி கேட்டதாகத் தொலைபேசியில் சொன்னாய். லக்ஸம்பர்க்கில் பிறந்த உன் மகளுக்கு இந்தப் போர்த்துகீசியச் சொல் எப்படித் தெரியும்? இறகு பிடுங்கக் கோழியைக் கொதிநீரில் முக்குவதை 'எஸ்கால்டார்' என்போமே, அந்தச் சொல்லோடு சேர்ந்ததுதானாம். பாதிரியார் சொன்னார். லத்தீனில் சூடு என்று பொருளாம். முன்னால் ஒட்டியிருக்கும் 'ரெ' என்றால் 'மறுபடியும்'. காட்டில் அது ஒரு வேலையின் பெயர்: தழல் அடங்கிய பிறகு, வேரிலும் மண்ணுக்கடியிலும் மிச்சமிருக்கும் கங்குகளைக் கிளறித் தண்ணீர் ஊற்றி அணைப்பது. அவளுக்குப் புரியும்படி நீயே சொல்.

அன்று காலை தீயணைப்பு வண்டிகள் அடுத்த மலைக்குப் போய்விட்டன. அப்பா மண்வெட்டியோடு கிளம்பினார். "தீதான் அணைஞ்சுபோச்சே, சூப் ஆறுது, குடிச்சிட்டுப் போங்க" என்றேன். "தீ போயிடுச்சுடி, சூடு போகலையே. காத்து திரும்பினா ஸுல்மீரா வீடுதான் முதல்ல போகும். அவ எழுந்து ஓடவா போறா?" என்றார். பக்கத்து வீட்டு ஸுல்மீரா இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறாள் அல்லவா. வேர் கருகிய பைன் மரம் ஒன்று அப்பாமேல் சாய்ந்துவிட்டது. நான் போனபோது உயிர் இல்லை.

அடக்கம் முடிந்து திரும்பினால், அப்பா விழுந்த மலைச்சரிவில் இன்னும் புகை. கறுப்பு உடையை மாற்றாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஸுல்மீராவின் புருஷன் எவாரிஸ்தோ ஓடி வந்து, "பைத்தியமா உனக்கு? வீட்டுக்குப் போய் அழு" என்று கத்தினான். "அழுகை வரல. ஒரு வாளி எடுத்துட்டு வா" என்றேன். இருவருமாகக் கிளறினோம். கடைசியில் உள்ளங்கையை மண்ணில் வைத்துப் பார்த்தேன். ஆறியிருந்தது. ஸுல்மீரா வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அழுகை இன்னும் வரவில்லை. யார் வீட்டுச் செய்தியையோ எழுதுவது போலத்தான் எழுதுகிறேன். தீயால் சாலைகளை மூடியிருந்தார்களே, நீ எப்படி அடக்கத்துக்கு வர முடியும்? அதற்காக மன்னிப்புக் கேட்காதே.

என்னை அங்கே அழைத்துப்போவதாகச் சொன்னாய். இப்போது வேண்டாம். நீ வா. எதுவும் பேச வேண்டாம், மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடு.

எப்போதும் ஆசீர்வாதம் கேட்டுவிட்டுத்தான் தொலைபேசியை வைப்பாய். கடைசியாகப் பேசியபோது மறந்துவிட்டாய். கேட்காவிட்டாலும் தருகிறேன். கடவுள் உன்னைக் காப்பாராக, மகனே.

உன் அம்மா,
இடலீனா