ஒரு போத்தில் பெற்றோலில் போன மனிதருக்கு

ஜீப்பிலிருந்து நீங்கள் கழற்றி எறிந்த என்னுடைய சீற்றில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். குசினிக்குப் பின்னால், கிணற்றடிக்குப் போகிற வழியில் அது இன்னும் கிடக்கிறது. வெயிலில் தோல் வெடித்து உள்ளே இருந்த தும்பு வெளியே வந்துவிட்டது. போன மாரியில் பூனை அதிலே குட்டி போட்டது. காலையில் மீன் வெட்டும்போதும் பின்னேரத்தில் முருங்கையிலை உருவும்போதும் எனக்கு அதுதான் கதிரை. ஜீப்பில் இருக்க விடாத சீற்றை வளவுக்குள் வைத்து நன்றாகவே அனுபவிக்கிறேன் என்பதை உங்களுக்கு அறியத்தருகிறேன்.

இன்று காலையும் இதில்தான் இருந்தேன். கடற்றொழிலாளர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் பெற்றோல் கலன். ஆள் படலையைத் திறப்பதற்கு முன்னமே மணம் வந்துவிட்டது.

"அக்கா, அண்ணையின்ரை படம் ஒண்டு தாங்கோ. பெரிசாக்கிச் சங்கத்திலை மாட்டப்போறம்."

"என்னத்துக்கு?"

"சங்கத்தின்ரை பெற்றோலை ஒரு சொட்டுக்கூட வீணாக்காத மனிசன் எல்லோ. இப்பத்தைப் பெடியளுக்குக் காட்டத்தானே வேணும்."

நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு மீன் சட்டியை மூடி வைத்தேன். இரண்டு வருடமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததை உங்களிடமே கொட்டப்போகிறேன். எனக்குக் கோபம். செத்துப்போன மனிதரில் கோபப்படக்கூடாது என்று என் அக்கா சொல்கிறாள். உயிரோடு இருந்தபோது மட்டும் கோபப்பட விட்டீர்களா? நான் வாயைத் திறக்க முன்னமே சிரித்துவிடுவீர்கள். அந்தச் சிரிப்போடு யார் சண்டை பிடிப்பது?

ஏலத்தில் எடுத்த பழைய ஆமி ஜீப்போடு நீங்கள் வந்த நாளில் கரை முழுவதும் நம் வளவுக்குள் நின்றது. நம்முடைய மீன் வாடிகளிலிருந்து தார் றோட்டுக்குப் போவதென்றால் இடையிலே மணல் திட்டிதான். மாட்டு வண்டியில் மீன் அச்சுவேலிச் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் செவிள் வெளிறிவிடும். நீங்கள் ஜீப்பின் பின்பக்கத்தை வெட்டி நீட்டி மீன் பெட்டி அடுக்க இடம் எடுத்தீர்கள். அகலமான ரயர் போட்டீர்கள். நாலு சில்லும் சேர்ந்து இழுக்க, அது மணலில் நண்டு மாதிரி ஓடியது. நானும் பெருமைப்பட்டேன், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் அது குடித்தது. பெற்றோல் விலை ஏறிக்கொண்டே போன காலம். ஜீப்புக்கு ஊர் வைத்த பெயர் 'குடிகாரன்'. "குடிகாரன் வாறான், பெட்டியளை எடுங்கோ" என்றுதான் பெண்கள் கூப்பிடுவார்கள். கள்ளுப் பக்கமே போகாத மனிதர் நீங்கள், ஒரு குடிகாரனைத் திருத்தப் புறப்பட்டீர்கள்.

தொடக்கத்தில் செய்ததெல்லாம் புத்திசாலித்தனமான வேலைதான். காபரேற்றரைக் கழற்றித் துடைத்து, பெற்றோல் வருகிற துவாரத்தைச் சின்னதாக்கினீர்கள். தார் றோட்டில் ஏறினால் ரயருக்குக் காற்றை இறுக்க அடிப்பது, மணலில் இறங்கினால் காற்றைத் திறந்துவிடுவது. ஒவ்வொரு முறையும் மணல் தொடங்குகிற இடத்தில் நின்று கைப்பம்பால் காற்றடிக்க, நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பிறகு உங்களுக்குப் 'பாரம்' என்கிற பேய் பிடித்தது. கதவுகள் பாரம், கழற்று. மேலே போட்ட கன்வஸ் பாரம், கழற்று. மழையில் நனைந்து தொப்பமாகிப் போகிறபோது, "இந்தச் சேலை தண்ணியைக் குடிச்சுக் கல்லுக் கணக்கிலை கிடக்கு, இது பாரமில்லையோ?" என்று கேட்டேன். சிரித்தீர்கள். மேலதிகச் சில்லு போனது, சில்லு மாற்றத் தூக்குகிற ஜக்கும் போனது. ஒரு நாள் பார்த்தால் என்னுடைய சீற்றும் வளவுக்குள் கிடக்கிறது.

"நீ மெலிஞ்ச ஆள்தானே, பெட்டியிலை இரன்."

அரியாலையில் ஒன்றுவிட்ட தங்கச்சியின் கலியாணத்துக்குப் பட்டுச் சேலையோடு மீன் பெட்டிமேல் இருந்தபடி போன ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். பந்தியில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுழித்துவிட்டுத் தள்ளி இருந்தாள். மரக்கறிச் சாப்பாட்டில் பாரை மீன் மணந்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்? நீங்கள் அந்தப் பக்கம் ஆம்பிளைகளோடு இருந்து, போகவர எத்தனை போத்தில் முடிந்தது என்று கதைத்துக்கொண்டிருந்தீர்கள்.

கடைசியில் பெற்றோலே பாரமாகிவிட்டது. தாங்கி நிறைய ஊற்றுவதை நிறுத்திவிட்டீர்கள். "தேவைக்கு மேலை ஊத்தினா, அந்தப் பெற்றோலைக் காவுறதுக்கு இன்னும் பெற்றோல் வேணும். விளங்குதே?" என்று எனக்கே படிப்பித்தீர்கள். விளங்கவில்லை. வீட்டில் ஒரு நாள் அரிசிக்குமேல் வைத்திருக்கக்கூடாது, மூட்டை தூக்கினால் பசிக்கும் என்று சொல்வதுபோல இருந்தது.

ஒன்றை மட்டும் கோபமில்லாமல் சொல்கிறேன். எனக்கு ஜீப் ஓடப் பழக்கினீர்கள். கரையில் எந்தப் பெண்ணும் அதுவரை வளையத்தைப் பிடித்ததில்லை. வலை இழுக்கிறவர்கள் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நீங்கள் பக்கத்தில் பெட்டியில் இருந்து, "காலை எடு, குடிக்குது. காலை எடு" என்று அதையே ஓதினீர்கள். எவ்வளவு மெதுவாக மிதித்தாலும் அதுதான். ஆனாலும் நான் முதல்முறை திட்டியைத் தாண்டி இறங்கினபோது நீங்கள் கைதட்டினீர்கள். அந்த ஒரு பகலுக்காக மற்றதையெல்லாம் மன்னித்திருப்பேன், சங்கக் கூட்டம் ஒன்று வராமல் இருந்திருந்தால்.

மீனை ஏற்றுகிற ஜீப்புக்குப் பெற்றோல் தருவது சங்கம். எவ்வளவு என்று தீர்மானிப்பது தலைவர். இது தெரிந்திருந்தும் நீங்கள் என்ன செய்தீர்கள்? பொதுக்கூட்டத்தில் ஒரு போத்தில் பெற்றோலை எல்லாருக்கும் தெரியும்படி ஜீப்பின் முன்பக்கத்தில் கட்டி, குழாய் விட்டு, அந்த ஒரு போத்திலோடு தார் றோட்டுக்குப் போய்த் திரும்பி வந்து காட்டினீர்கள். முந்தி இரண்டு போத்தில் முடிகிற ஓட்டம். சனம் விசிலடித்தது. யாரோ பெரிய மனிதருக்கென்று வைத்திருந்த மாலையை எடுத்து உங்கள் கழுத்தில் போட்டார்கள். நான் பெண்களோடு பனைக்குக் கீழே நின்றேன். தலைவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கைதட்டவில்லை, மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் உப்பிடி எல்லாத்தையும் திறந்து காட்டினனீங்கள்? கொஞ்சத்தை வைச்சுக்கொண்டு சொல்லியிருக்கலாமே?"

"உண்மையைச் சொல்லுறதுக்கு என்ன பயம்?"

உண்மையோ அது? பெட்டி ஏற்றாத வெறும் ஜீப். மாரி மழையில் இறுகிக் கிடந்த மணல். மீனும் ஐசும் ஏற்றி, சோளகக் காற்றடிக்கிற வெயில் காலத்தில் பொருபொருவென்று கிடக்கிற மணலில் ஓடிக் காட்டியிருந்தால் அது உண்மை. அடுத்த மாதமே உங்களுக்குத் தருகிற பெற்றோலைப் பாதியாக்கினார்கள். தலைவர் உங்கள் தோளில் கையைப் போட்டு, "உங்களுக்குத்தான் பாதி காணுமே, அண்ணை" என்றார். மிச்சம் பிடித்த பாதி எங்கே போனதென்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தலைவருடைய கார் மட்டும் அந்த மாதத்திலிருந்து நினைத்த நேரமெல்லாம் பட்டணத்துக்கு ஓடியது.

போய்க் கேளுங்கள் என்றேன். எத்தனை முறை சொன்னேன்! பெட்டி ஏற்றி ஓடினால் பாதி போதாது, வெறும் ஜீப்பைத்தான் காட்டினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"மாலை போட்ட சனத்துக்கு முன்னாலை போய்ச் சொன்ன சொல்லை மாத்தச் சொல்லுறியோ?"

இதுதான் எங்கள் ஆம்பிளைகளின் மானம். கடலில் அலை பெரிது என்றால் திரும்பி வருவார்கள், அதில் வெட்கமில்லை. சபையில் ஒருக்கால் வாயைத் திறந்துவிட்டால் திரும்பமாட்டார்கள். தலைவரோடு சண்டை பிடிக்கவேண்டிய நேரத்தில் நீங்கள் ஜீப்போடு சண்டை பிடித்தீர்கள். முன்சில்லுகளை இழுக்கிற தண்டைக் கழற்றினீர்கள். "சும்மா சுத்திச் சுத்திக் குடிக்குது. சோளகம் பிறக்கத் திரும்பப் பூட்டலாம்" என்றீர்கள். ஈர மணலில் பின்சில்லு இரண்டும் போதுமாக இருந்தது. பாதிப் பெற்றோலில் மாரி முழுவதும் ஓடினீர்கள். ஊர் உங்களைத் தலையில் தூக்கி வைத்தது. சோளகம் பிறந்தது. தண்டு வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் கிடந்து கறள் பிடித்தது.

அந்த நாளைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. நீங்கள் படுத்துக்கிடந்தீர்கள். நான் சொல்கிறேன், கேளுங்கள்.

கரைவலை இழுத்து முடிந்திருந்தது. பெட்டியைத் தூக்கின நீங்கள் அதை மெல்ல வைத்துவிட்டு மணலில் இருந்தீர்கள். வேர்த்து ஊற்றியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஒண்டுமில்லை, வாய்வு" என்றீர்கள். ஆட்கள் பெட்டிகளை இறக்கிவிட்டு உங்களைப் பின்னால் கிடத்தினார்கள். ஜீப் ஓடத் தெரிந்த இன்னொருவர் அங்கே நான்தான். வெறுங்காலோடு ஏறினேன்.

திட்டி ஏறுகிற இடத்தில் புதைந்தது. பின்சில்லு இரண்டும் மணலைத் தோண்டத் தோண்ட இறங்கின. முன்சில்லு இரண்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றன. ஆம்பிளைகள் தள்ளினார்கள். பெண்கள் ஓடிப்போய்ப் பனையோலை வெட்டி வந்து சில்லுக்குக் கீழே அடைத்தார்கள். நான் மிதிக்கிறேன், எஞ்சின் கத்துகிறது. உயிர் போகிற நேரத்திலும் பின்னாலிருந்து உங்கள் குரல்: "காலை எடு, குடிக்குது."

அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? இறங்கிவந்து உங்களைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. குடிக்கட்டும், கடலளவு குடிக்கட்டும், நீங்கள் பிழைத்தால் போதும் என்று கத்தினேன். தள்ளினவர்களெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

திட்டியைத் தாண்டினோம். தார் றோட்டில் ஏறிப் பனங்கூடல் வரை போனோம். அங்கே இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. தாங்கியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். ஈரம்கூட இல்லை. அன்றைய ஓட்டத்துக்கு மட்டும் அளந்து ஊற்றியிருந்தீர்கள். மேலதிகக் கலன் ஒன்று வைப்பதா? அதுதான் பாரமாச்சே. நடுறோட்டில் நின்று இரண்டு பக்கமும் வாகனம் ஏதும் வருகிறதா என்று பார்த்தேன். ஒரு தேங்காய் லொறி வந்தது. அதில் தூக்கி ஏற்றும்போது உங்கள் கை வழுக்கி விழுந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் வெளியே வந்தார். "முந்திக் கொண்டுவந்திருந்தால்?" என்று கேட்டேன். "சொல்லேலாது, அம்மா" என்றார். நல்ல மனிதர். ஆனால் அவர் ஓம் என்றாவது, இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். ஓம் என்றால் உங்களையும் அந்தத் தலைவரையும் ஆயுளுக்கும் திட்டியிருப்பேன். இல்லை என்றால் ஒரு நாள் அழுது முடித்திருப்பேன். சொல்லேலாது என்கிற சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

செத்தவீட்டுக்குத் தலைவர் காரில் வந்தார். உங்கள் காலடியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அழவில்லை. எழும்பிப் போய் அடுப்பை மூட்டினேன்.

இன்று காலை அந்த இருவரும் இன்னொன்றும் கேட்டார்கள். "கடைசியா அண்ணை என்ன சொன்னவர், அக்கா? படத்துக்குக் கீழை எழுதலாம்."

"தண்ணி கேட்டவர்" என்றேன். அவர்களுக்கு அது போதவில்லை, முகம் சுருங்கிப்போனது.

நீங்கள் தண்ணீர் கேட்கவில்லை. என் பெயரைச் சொல்லவில்லை, பிள்ளைகளைக் கேட்கவில்லை. திட்டி தாண்டி, தார் றோட்டில் ஏறுகிற இடத்தில், "சோக்கை உள்ளை தள்ளு" என்றீர்கள். எஞ்சினைக் கிளப்ப இழுக்கிற சோக்கைத் தள்ளாமல் விட்டால் பெற்றோல் வீணாகும் என்று உங்களுக்கு அந்த நேரத்திலும் கவலை. இதை அவர்களிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி, இதுவல்லவோ கடமை என்று ஆண்டுக்கொருமுறை மாலை போடுவார்கள். கொடுக்கமாட்டேன். படத்தையும் கொடுக்கமாட்டேன், கறையான் தின்றுவிட்டது என்று நாளைக்குச் சொல்வேன். எவ்வளவு விசர்ப் பேச்சாக இருந்தாலும் அது எனக்குச் சொன்னது. சங்கத்துக்குச் சொன்னதல்ல.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் றோட்டு இருந்தது. "அது உள்ளைதான் கிடக்குது, பேசாமல் படுங்கோ" என்று கத்தினேன். அதற்குப் பிறகு உங்கள் சத்தமே இல்லை.

சோக் உள்ளேதான் இருந்தது. எஞ்சின் பிடித்த உடனேயே தள்ளிவிட்டேன், நீங்கள் பழக்கினபடியே. நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதா?